நைஸ் என்றொரு சொல்

(நூலக வார விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளி விட்ட கையோடு நேரே இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு துக்க வீட்டுக்கும் நடுவில் நமக்காக நேரம் ஒதுக்கிய வார்டு உறுப்பினர் அவர்களே, கிளை நூலகர் தம்பி அவர்களே, காசு வாங்காமல் மைக் செட் கட்டிக் கொடுத்த தம்பியே, சுக்குக் காபி அனுப்பி வைத்த டீக்கடை அண்ணாச்சி அவர்களே! அண்ணாச்சி பெயரைப் போன வருஷம் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு மாதம் என் டீயில் சர்க்கரையே விழவில்லை. எல்லோருக்கும் வணக்கம்.

'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறப்பு, அதன் பொருள்கள், அதை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று மூன்று பகுதியாகப் பேசுவதாக உத்தேசம்.

முதலில் பிறப்பு. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்று ஒரு சொல். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல். ஆக, ஒன்றும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'நைஸ்' என்றால் முட்டாள்! 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலத்தில் உங்களை ஒருவர் நைஸ் என்று சொன்னால் நன்றி சொல்லக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை. 'சயின்ஸ்' என்ற சொல்லுக்கும் அதே 'ஸ்கிரே'தான் வேர். அறிவியலும் அறியாமையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

'நயம்' என்ற நம் சொல்தான் கப்பலேறிப் போய் நைஸ் ஆனது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது.

சரி, முட்டாள் எப்படி இனியவன் ஆனான்? ஒரே நாளில் ஆகவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். முட்டாள்தனத்திலிருந்து கூச்சத்துக்கு, கூச்சத்திலிருந்து எதிலும் குற்றம் பார்க்கும் குணத்துக்கு, அங்கிருந்து நுட்பத்துக்கு. கடைசியில் 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற பொருள் ஊன்றியது. ஊன்றியதும் எல்லோரும் எதற்கெடுத்தாலும் நைஸ் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஜேன் ஆஸ்டின் 'நார்த்தேங்கர் அபே' நாவலில் ஒரு பாத்திரத்தை வைத்தே இதைக் கிண்டலடிக்கிறார்: நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்களும் நைஸ் என்று.

நாம் சிரிக்க வேண்டாம். 'கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் பாடியது மணத்தைத்தான். இன்றைக்கு ஒரு வீட்டில் விருந்துக்குப் போய், சாம்பார் நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள். நம்மூர் அம்மியும் நகர்ந்திருக்கிறது.

அம்மி என்றதும் எங்கள் அத்தை நினைவுக்கு வருகிறார். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த சித்தப்பா பேரன் ஒருமுறை லீவுக்கு வந்திருந்தான். அன்றைக்குக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மிக்ஸி ஓடாது. அத்தை சேலையைச் செருகிக்கொண்டு அம்மியில் உட்கார்ந்து தேங்காய்த் துவையல் அரைத்தார். பையன் ஒரு வாய் வைத்துவிட்டு, "நைஸ்!" என்றான். அத்தை முகம் சுருங்கிவிட்டது. "கரகரன்னு இருக்கா ராசா? இன்னும் நைஸா வேணுமா?" என்று தட்டிலிருந்ததை வழித்துக்கொண்டு மறுபடி அம்மிக்குப் போனார். திரும்பக் கொண்டு வந்தார். அவன் மரியாதை தெரிந்த பிள்ளை, முன்னிலும் உரக்க, "நைஸ் நைஸ்!" என்றான். அத்தை மறுபடியும் போனார். விஷயம் புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மூன்றாவது தடவை வந்தபோது துவையல் சந்தனம் மாதிரி ஆகிவிட்டது. பையன் கட்டைவிரலைத் தூக்கி, "வெரி நைஸ்!" என்றான். அத்தை குழவியைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மேல அரைச்சா அம்மிதான்டா தேயும்."

அத்தை சொன்னது தப்பா? தப்பில்லை. நுண்மை என்ற பொருள் ஆங்கிலத்திலேயே இருந்ததுதான். ஹோட்டலில் 'நைஸ் ரோஸ்ட்' கேட்டால் மெல்லிசாக வருகிறதே, அதுவும் இந்தப் பக்கம்தான். நம்மிடம் நைதல், நையப் புடைத்தல் எல்லாம் முன்பே இருந்ததால் அதன் பக்கத்தில் இது சுலபமாக ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். 'நைஸாக நழுவினான்', 'நைஸ் பண்ணிக் காரியம் சாதித்தான்' என்பவை நாமே வளர்த்துக்கொண்டவை. வெள்ளைக்காரனுக்குச் சொன்னால் புரியாது.

இதையெல்லாம் ஒரு பிள்ளை தானாகத் தேடிப் பார்க்க வேண்டுமானால் அகராதி வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் அனுபந்தமும் வந்தது. அந்த ஏழும் நம் கிளை நூலகத்தில் இருக்கின்றன. எங்கே? பீரோவுக்குள். பீரோவுக்குப் பூட்டு. நூலகத்துக்கு மாலை 6 மணிக்குப் பூட்டு. பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருவது ஆறரைக்கு. தம்பியைக் குறை சொல்லவில்லை, ஒரே ஆள் இரண்டு ஊர் நூலகத்தைப் பார்க்கிறார். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாகாணம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இரவு 8 மணி வரை திறந்து வையுங்கள், பீரோவைத் திறந்து வையுங்கள் என்று நான்கு மனு கொடுத்தாயிற்று, இது ஐந்தாவது. வார்டு உறுப்பினர் அவர்கள் சிரிக்கிறார். சிரியுங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

மூன்றாவது பகுதிக்கு நேரமில்லை என்று தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, மனு வாசல் மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பேனா அண்ணாச்சியுடையது. அதை யாரும் நைஸாகப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.