கணவரிடம் கேட்கப்படாத கேள்வி

பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே!

அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது குழந்தை பிறந்திருக்கும். தாய்க்கு எழுந்து உட்காரத் தெம்பிருக்காது. அதற்குள் "கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்கிறாயா அம்மா?" என்று நர்ஸ் கேட்பார், மாமியாரும் கேட்பார். ஃபிளாஸ்க்கும் கையுமாக வாசலில் நிற்கிற கணவரை ஒருவரும் கேட்பதில்லை. அவரும் வாய் திறப்பதில்லை.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பம் ஆயிரத்துக்கு ஒன்று!

முன்பு இப்படி இல்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே கருத்தடை முகாமுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வந்தார்கள். பணமும் பரிசும் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வந்தார்கள். பிறகு நெருக்கடி நிலை. 1976–77இல் மட்டும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது. பல இடங்களில் கட்டாயப்படுத்தியே செய்தார்கள். அந்த அநியாயத்தில் பிறந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்கள் இறக்கிவைத்த சுமையை அப்படியே பெண்கள் தலையில் ஏற்றினோமே, அது எந்த ஊர் நியாயம்?

"ஆண்மை போய்விடும்", "பாரம் தூக்க முடியாது" என்கிறார்கள். கேளுங்கள். ஆண்களுக்குச் செய்கிற தழும்பில்லாக் கருத்தடையில் கத்தி இல்லை, தையல் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு, விந்தணு வருகிற இரண்டு குழாய்களையும் அடைக்கிறார்கள். கால் மணி, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆண்மைக்கான ஹார்மோன் அந்தக் குழாய் வழியே போவதில்லை; ரத்தத்தில் கலந்து போகிறது. அதனால் ஆசையும் குறையாது, பலமும் குறையாது. பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். எது எளிது என்று நீங்களே சொல்லுங்கள்.

தாய்மார்களே, "என் பிள்ளைக்கு வேண்டாம், மருமகளே செய்துகொள்ளட்டும்" என்று தடுப்பது பல வீடுகளில் நீங்கள்தான். மருமகளும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?

ஆண்களே, செய்துகொண்டால் இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். ஒரு வாரம் பளு தூக்காதீர்கள். இன்னொன்று, மிக முக்கியம்: பலன் உடனே வராது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்துங்கள். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே அதை நிறுத்துங்கள்.