கிராமத்து ஸ்டேஷன்ல புகார் கொடுத்தா என்ன நடக்கும்?

(காட்சி: நெல்வயல், நடுவில் வெட்டப்பட்ட வரப்பு.)

வணக்கம். அண்ணன், தம்பி; ரெண்டு வயலுக்கும் நடுவுல ஒரு வரப்பு. தம்பி வரப்பை வெட்டிட்டார்னு வாய்ச்சண்டை, அப்புறம் கைகலப்பு. அண்ணனுக்கு முழங்கை எலும்பு முறிஞ்சிருச்சு. இது உதாரணத்துக்குச் சொல்ற கதைதான். ஆனா தமிழ்நாட்டுல ஒரு கிராமத்து ஸ்டேஷன் எப்படி இயங்குதுன்னு புரிஞ்சுக்க இதுவே போதும்.

(காட்சி: அரசு மருத்துவமனை வாசல்.)

அடிபட்டவர் முதல்ல போகவேண்டியது ஆஸ்பத்திரிக்கு. யார் அடிச்சாங்க, எதால அடிச்சாங்கன்னு டாக்டர் விபத்துப் பதிவேட்டுல எழுதிட்டு, ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவார். எஸ்.ஐ.யோ ஏட்டோ கட்டிலுக்கே வந்து வாக்குமூலம் வாங்குவாங்க. அதுதான் புகார். அதனால டாக்டர்கிட்ட "கீழ விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க. பின்னாடி கோர்ட்ல அந்த ஒரு வரி உங்களுக்கு எதிரா நிற்கும்.

(காட்சி: காவல் நிலையம். வாசலில் பாரா, உள்ளே மேஜையில் ரைட்டர்.)

நேரா ஸ்டேஷனுக்குப் போனா வாசல்ல பாரா காவலர் இருப்பார், உள்ளே ரைட்டர். எஸ்.ஐ. அநேகமா வெளியில இருப்பார். சுத்துப்பட்டுல இருக்கிற அத்தனை ஊருக்கும் ஒரே ஸ்டேஷன். ஒருத்தர் கோர்ட் டியூட்டி, ஒருத்தர் சம்மன் கொடுக்கப் போயிருப்பார், திருவிழா வந்தா பாதிப்பேர் பந்தோபஸ்துல. இந்தச் சுமை உண்மையானது. அதுக்காக உங்க மனுவை வாங்காம திருப்பி அனுப்பக் கூடாது.

மனு கொடுத்தா கையில வரவேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது. மனு பதிவாயிருக்குன்னு அது சொல்லும். வழக்குப் பதிவாயிருச்சுன்னு சொல்லாது. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டு மாசக்கணக்குல காத்திருக்காங்க, அதுதான் எனக்கு வேதனை. வழக்குன்னா எஃப்.ஐ.ஆர். அதோட நகலை இலவசமா தரணும்.

எல்லா அடிதடிக்கும் எஃப்.ஐ.ஆர். கட்டாயமா? இல்லை. வெறுங்கையால அடிச்ச லேசான காயம்னா, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாது. எலும்பு முறிஞ்சா அது கொடுங்காயம், போலீஸ் பதிவு செஞ்சே ஆகணும். இதை 2013-ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இது 173-ஆவது பிரிவு. "எங்க எல்லை இல்லை"ன்னும் தட்டிக்கழிக்க முடியாது. எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம்.

(காட்சி: சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் சர்வேயர்.)

சரி, வரப்பு? அது யாருக்குன்னு எஸ்.ஐ. தீர்ப்பு சொல்ல முடியாது. அளக்கறது சர்வேயர், உரிமையை முடிவு செய்றது சிவில் கோர்ட். மறுபடி அடிதடி வரும்னு தெரிஞ்சா, ஸ்டேஷன்லருந்து அறிக்கை போய், ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், ரெண்டு தரப்புகிட்டயும் அமைதி காக்கச் சொல்லி எழுதி வாங்கலாம். வி.ஏ.ஓ.வுக்கும் கடமை உண்டு. ஊர்ல சந்தேக மரணம்னா அவர் தகவல் சொல்லியே ஆகணும். "வி.ஏ.ஓ. கொடுத்த புகாரின் பேரில்"னு பேப்பர்ல படிச்சிருப்பீங்களே, அது இதனாலதான்.

"ஒரே ஊரு, பேசி முடிச்சுக்கோங்க"ன்னு ஸ்டேஷன்லயே சொல்வாங்க. குழாயடிச் சண்டைக்கு அது நல்ல யோசனைதான். சாதி வன்கொடுமைக்கும் பெண்கள் மேல நடக்கிற வன்முறைக்கும் அந்தப் பேச்சே கூடாது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணையே தேவையில்லைன்னு 18ஏ பிரிவு சொல்லுது. சாட்சி சொல்லப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரவழைக்கவும் கூடாது, அவங்க வீட்டுக்குத்தான் போலீஸ் போகணும்.

(காட்சி: தபால் அலுவலகம்.)

பதிவு செய்யவே மறுத்தா, அதே புகாரை எழுத்துல தபால் மூலமா மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்க. அங்கேயும் நடக்கலைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போடலாம். எஸ்.பி.க்கு அனுப்பினதை அங்கே காட்டணும், தபால் ரசீதைப் பத்திரமா வச்சிருங்க.