வானம் வெளித்திருக்க விமானம் ஏன் நிற்கிறது? எரிமலைச் சாம்பலும் நம்மவர் பயணங்களும்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து பேசுகிறேன்.

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹய்லி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அது முன்பு வெடித்ததாகப் பதிவே இல்லை. ஏறத்தாழ 14 கிலோமீற்றர் உயரத்துக்கு எழுந்த அதன் சாம்பல், செங்கடலைக் கடந்து யேமன், ஓமான் மேலாகச் சென்று, அரபிக்கடலையும் தாண்டி மறுநாள் இரவு டெல்லி வானத்தை அடைந்தது. ஏர் இந்தியா 11 சேவைகளை இரத்துச் செய்து, அந்த வான்வழியில் பறந்த விமானங்களைப் பரிசோதித்தது. ஆகாசா ஏர் ஜித்தா, குவைத், அபுதாபி சேவைகளை நிறுத்தியது. அதே வார இறுதியில் டித்வா புயல் வந்து வன்னியெங்கும் வெள்ளக்காடாகிவிட்டதால், இந்தச் செய்தியை நம்மில் பலர் மறந்துபோனோம். ஆனால் மத்திய கிழக்கில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோர் சிலர் அப்போது கேட்ட கேள்வி என் மனத்தில் நின்றுவிட்டது. எங்கோ ஆபிரிக்காவில் வெடித்த மலைக்கும் டெல்லியில் நின்ற விமானத்துக்கும் என்ன தொடர்பு? வானம் வெளித்துத்தானே இருந்தது?

அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன். இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லாததால், இது நமக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் வன்னியில் பிள்ளையோ சகோதரமோ வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. அவர்கள் போய்வரும் வான்வழிகளின் கீழே எரிமலைகள் இருக்கின்றன.

முதலில் அந்தச் சாம்பல் எதனால் ஆனது என்று பார்ப்போம். நம் வீட்டு அடுப்பில் விறகு எரிந்து மிஞ்சுவது மென்மையானது. கையில் ஒட்டினால் ஊதிவிடலாம், நீரில் இட்டால் குழைந்துவிடும். எரிமலை வெளியே தள்ளுவது அப்படி எரிந்து மிஞ்சிய பொருளே அன்று. நிலத்தின் ஆழத்தில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பில் நீராவியும் வேறு வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைவதால் அவ்வாயுக்கள் திடீரென விரிந்து, குழம்பைச் சுக்குநூறாகச் சிதறடிக்கின்றன. சிதறிய துளிகள் காற்றில் பட்டவுடன் உறைந்து கூரிய விளிம்புள்ள கண்ணாடித் துணுக்குகளாகின்றன. உடைந்த பாறைத்தூளும் கனிமப் படிகங்களும் அவற்றோடு கலந்து வருகின்றன. இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த துணுக்குகள் எல்லாம் சாம்பல் என்ற கணக்கில் அடங்கும். பருத்தவை மலையைச் சுற்றியே விழுந்துவிடும். மாவிலும் நுண்ணியவையோ பயணிகள் விமானங்கள் பறக்கும் அதே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், காற்று போகும் திசையில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும்.

இனி எஞ்சினுக்குள் நடப்பதைக் கவனியுங்கள். விடயத்தின் உயிர்நிலை இங்குதான் இருக்கிறது. ஜெட் எஞ்சின் முன்புறமாகக் காற்றை உள்ளிழுத்து, நெருக்கி, எரிபொருளோடு சேர்த்து எரிக்கிறது. எரியும் அறையில் வெப்பம் 1,400 பாகை செல்சியசுக்கும் மேல் செல்லும். சாம்பலிலுள்ள கண்ணாடியோ ஏறத்தாழ 1,100 பாகையிலேயே உருகிவிடும். ஆகவே காற்றோடு உள்ளே போகும் தூள் அந்த அறையில் மறுபடியும் பாறைக்குழம்பாகிறது. அறைக்குப் பின்னால், சூடான காற்றைச் சுழலிக்குத் திருப்பிவிடுவதற்காக அசையாத தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அவை சற்றுக் குளிர்ந்தவை. உருகிய துளிகள் அவற்றின்மீது மோதி, ஒட்டி, மீண்டும் கண்ணாடியாக இறுகுகின்றன. தகடுகளுக்கு இடைப்பட்ட வழி ஒடுங்குகிறது. தகடுகளைக் குளிர வைப்பதற்காக இடப்பட்டிருக்கும் ஊசித்துளைகள் அடைபடுகின்றன. வெளியேற வழியில்லாத காற்று பின்னோக்கித் திணற, எஞ்சினுக்குள் எரியும் சுவாலை அணைந்துபோகிறது. விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்களில் தூள் அடைத்தால், விமானிக்குத் தம் வேகமும் சரியாகத் தெரியாது.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து ஒக்லாந்து நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று, கோலாலம்பூரில் தரித்துப் பேர்த் நகருக்குப் பறந்துகொண்டிருந்தது. 248 பயணிகளும் 15 பணியாளர்களும் அதில் இருந்தனர். யாவாத் தீவுக்குத் தெற்கே, 37,000 அடி உயரத்தில், கண்ணாடிமீது நீல ஒளி மின்னியது. கந்தக நாற்றமுள்ள புகை உள்ளே பரவியது. சிறிது நேரத்தில் நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்துவிட்டோம் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டதையும், அவற்றை இயக்கத் தாம் இயன்ற எல்லாம் செய்வதையும் தலைமை விமானி எரிக் மூடி பயணிகளுக்கு அமைதியாக அறிவித்தார். எஞ்சின் ஒலியே இல்லாமல் அந்தப் பெரிய விமானம் ஏறத்தாழ 13,000 அடி வரை சறுக்கி இறங்கிய பின்னரே எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றன. குளிர்ந்த எஞ்சினுக்குள் ஒட்டியிருந்த கண்ணாடிப் படலம் வெடித்து உதிர்ந்ததும், விமானம் சாம்பலை விட்டுக் கீழே இறங்கியதும்தான் அதற்குக் காரணம். அதிலும் ஒன்று மறுபடி பழுதாக, மூன்று எஞ்சின்களோடு ஜகார்த்தாவில் தரையிறங்கினார்கள். முன்கண்ணாடியைச் சாம்பல் தேய்த்து மங்கலாக்கிவிட்டதால், அதன் ஓரத்தில் தேயாமல் எஞ்சியிருந்த ஒரு ஒடுங்கிய கீற்றின் வழியே ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துப் பார்த்து இறக்க வேண்டியிருந்தது. அந்தக் கீற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

எஞ்சின் மறுபடி இயங்கிவிடும்தானே, பிறகு ஏன் இவ்வளவு அச்சம் என்று சிலர் சொல்வதுண்டு. சறுக்கி இறங்குவதற்குக் கீழே போதிய உயரம் இருந்ததால் அவர்கள் தப்பினார்கள். கீழே மலைத்தொடர் இருந்திருந்தால் கணக்கு வேறு. 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவில், அங்கரேஜ் நகரை நெருங்கிய கே.எல்.எம். நிறுவனத்தின் 747 ரிடவுட் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்தபோது, கீழே இருந்தவை பனிமலைகள்தாம். மேகத்துக்கு மேலே ஏறித் தப்பலாம் என்று விமானிகள் எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்தார்கள். எவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய முடிவுதான். ஆனால் விசை கூடினால் எஞ்சின் கூடுதலான சாம்பலை விழுங்கும், வெப்பமும் கூடும், நான்கும் நின்றுபோயின. ஏறத்தாழ 14,000 அடி கீழிறங்கிய பிறகே மீண்டும் இயங்கி, எல்லாரும் உயிரோடு தரையிறங்கினார்கள். சில மாதங்களே பறந்திருந்த அந்தப் புதிய விமானத்தைத் திருத்த 80 மில்லியன் டொலர் செலவாயிற்று. சாம்பலில் அகப்பட்டால் விசையைக் குறைத்து, வந்த வழியே திரும்பி வெளியேற வேண்டும் என்று இன்று விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

அப்படியானால் பார்த்து விலகிப் போக முடியாதா? முடியாது என்பதுதான் சிக்கல். விமானத்தின் வானிலை ராடார் மழைத்துளிகளைக் காண்பதற்காக அமைந்தது. இந்த நுண்தூள் அதற்குத் தெரிவதில்லை. இரவில் கண்ணுக்கும் தெரியாது. மலையிலிருந்து வெகுதூரம் வந்து மெலிந்த சாம்பல் பகலிலும் தெரியாமல் போகும். 2000 பெப்ரவரியில் நாசாவின் டிசி-8 ஆய்வு விமானம் ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலையின் மெல்லிய சாம்பல் ஊடாகப் பறந்தது. விமானிகள் எதையும் உணரவில்லை. உள்ளே இருந்த ஆய்வுக்கருவிகள் மட்டும் அதைப் பதிவுசெய்தன. பிறகு எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் குளிரூட்டும் துளைகள் அடைபட்டிருந்தது தெரியவந்தது. நான்கையும் திருத்த 3.2 மில்லியன் டொலர் வேண்டியிருந்தது. வானம் வெளித்துத்தானே இருந்தது என்று கேட்டவர்களுக்கு, என்னிடமுள்ள மிகத் தெளிவான பதில் அந்த விமானம்தான்.

ஆகவே, பார்க்கும் வேலையைத் தரையிலிருப்பவர்களும் செய்மதிகளும் செய்கின்றன. உலகத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எரிமலைச் சாம்பல் ஆலோசனை நிலையம் இயங்குகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியையும் ஆபிரிக்காவையும் பிரான்சின் துலூஸ் நிலையம் பார்க்கிறது. ஐஸ்லாந்து லண்டனுக்கு உரியது. இந்தோனேசியா அவுஸ்திரேலியாவின் டார்வினுக்கு உரியது. செய்மதிகள் அகச்சிவப்புக் கதிரின் அடுத்தடுத்த இரண்டு அலைநீளங்களில் ஒரே மேகத்தைப் படமெடுக்கின்றன. நீர்மேகமும் சாம்பலும் அவ்விரண்டிலும் மாறுபட்டுத் தோன்றுவதால் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறியலாம். அதனோடு காற்றின் திசையையும் வேகத்தையும் சேர்த்துக் கணித்து, சாம்பல் எந்த உயரத்தில் எங்கே செல்லும் என்ற அறிவிப்பை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். விமான நிறுவனம் சேவையை இரத்துச் செய்வது பெரும்பாலும் இந்த அறிவிப்பை வைத்துத்தான். நமக்குப் பயணச்சீட்டு விற்ற முகவரோ, கட்டுநாயக்காவில் கருமபீடத்தில் நிற்கும் பிள்ளையோ அதை மாற்ற முடியாது. அவர்களோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

2010-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த விடயத்தை முடிக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் 14, நமக்குச் சித்திரை வருடப்பிறப்பு. அன்று ஐஸ்லாந்தில் ஏயாஃபியாட்லாயோகுட்ல் என்னும் பனிப்பாறை மூடிய எரிமலை சீறியது. உருகிய பனிநீர் பாறைக்குழம்போடு மோதியதால் சாம்பல் மிக நுண்ணிய தூளாகியது; காற்றும் ஐரோப்பாவை நோக்கியே வீசியது. மறுநாளிலிருந்து ஏறத்தாழ ஆறு நாட்கள் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி மூடிக்கிடந்தது. ஒரு இலட்சத்துக்கு அண்மித்த சேவைகள் இரத்தாகின. ஏறத்தாழ 10 மில்லியன் பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். விமான நிறுவனங்களுக்கு 1.7 பில்லியன் டொலர் வருமானம் போயிற்று என்று அவற்றின் சங்கம் கணக்கிட்டது.

அப்போது வன்னி எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மீளக் குடியேறிய சனங்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலம். போருக்குப் பிறகு முதன்முறையாக வந்து பார்க்க ஐரோப்பாவிலிருந்த உறவுகள் ஆயத்தமாகியிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா பாரிசிலிருந்து வரவிருந்த மகனுக்காகக் காத்திருந்தார். ஏதோ மலை வெடித்ததால் வர முடியவில்லை என்று மகன் தொலைபேசியில் சொன்னபோது, அவன் வராமல் இருப்பதற்குச் சாட்டுச் சொல்கிறான் என்றே அவர் நினைத்தார். இரண்டு நாள் அவனோடு கதைக்கவும் இல்லை. அவருக்கு அதை விளக்கிச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை. இந்தக் காணொளியை எடுக்க வேண்டும் என்று எண்ணியதற்கு அந்த அம்மாவும் ஒரு காரணம்.

அந்த ஆறு நாட்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. சாம்பல் சிறிதேனும் இருந்தால் பறக்கக்கூடாது என்பதே அதுவரை இருந்த விதி. எவ்வளவு சாம்பலை ஓர் எஞ்சின் தாங்கும் என்பதற்கு, எஞ்சின் செய்யும் நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட எண் ஒன்று இல்லை. நட்டம் மலையாகக் குவிந்து, நிறுவனங்கள் பரிசோதனைப் பறப்புகளை நடத்தி அழுத்தம் கொடுத்த பிறகுதான், ஒரு கன மீற்றர் காற்றில் 2 மில்லிகிராம் வரை பறக்கலாம் என்ற எல்லை அவசரமாக வந்தது. வான்வெளியை மூடியது மிகைச்செயல் என்று அன்று ஏசியவர்கள் ஏராளம். நான் அவர்களோடு உடன்படவில்லை. முதல் நாளிலேயே சாம்பலுக்குள் பறந்த பின்லாந்து விமானப்படையின் எஃப்-18 விமானத்தின் எஞ்சினுக்குள் உருகி ஒட்டிய சாம்பலை அவர்கள் படமெடுத்து வெளியிட்டிருந்தார்கள். தெரியாத ஒன்றின்முன் நிறுத்தியது சரிதான். 1982-இல் 263 உயிர்கள் மயிரிழையில் தப்பிய பிறகும் அந்த எண்ணைக் கண்டறிய 28 ஆண்டுகள் எவரும் முனையவில்லை என்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

இனி நாம் செய்யக்கூடியவை. கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ கட்டுநாயக்காவுக்குப் போவதென்றால் ஓர் இரவுப் பயணம். ஒருவரை வழியனுப்ப வான் நிறையச் சனம் போவதும் நம் வழக்கம். வான் புறப்படுவதற்கு முன் விமான நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் விமான இலக்கத்தை இட்டுப் பாருங்கள். முகவரிடம் பயணச்சீட்டு எடுக்கும்போது பதிவில் யாருடைய தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். பல வேளைகளில் முகவரின் இலக்கமே இருப்பதால், இரத்தான செய்தி நள்ளிரவில் பூட்டிய கடைக்குப் போய்ச் சேர்கிறது. டோஹாவிலோ துபாயிலோ மாறிப் போவதென்றால் முழுப் பயணமும் ஒரே பதிவில் இருக்கட்டும். விலை குறைவு என்று இரண்டு தனிச் சீட்டுகள் எடுத்தால், முதலாவது விமானம் தடைப்பட்டு இரண்டாவதைத் தவறவிடும்போது எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைக் கைப்பையில், ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே வையுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் ஐரோப்பாவிலிருந்து வரும் உறவுகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் சேவை சாம்பலால் இரத்தானால், இழப்பீட்டுப் பணம் கிடைக்காது. ஆனால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு விமானத்தில் போவதா என்று தெரிவுசெய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. வேறு விமானத்துக்காகக் காத்திருப்பதென்றால் அதுவரை உணவும் தங்குமிடமும் தருவது நிறுவனத்தின் கடமை. 2010-இல் அகப்பட்ட ஒரு பயணி தொடுத்த வழக்கில், எத்தனை நாள் நீண்டாலும் அந்தக் கடமை நீங்காது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நிறுவனம் எதுவும் தராமல், நீங்களே உணவுக்கும் அறைக்கும் நியாயமான அளவில் செலவழிக்க நேர்ந்தால், ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.