பாலைவனக் கள்ளிக்கு எவ்வளவு வெயில்? வீட்டுக்குள்ள எங்க வைக்கணும், வெளிய எப்படி பழக்கணும்

வணக்கம் மக்களே! இன்னிக்கு வெளிச்சத்த பத்தி மட்டும் பேசுவோம். கள்ளின்னாலே எல்லாரும் தண்ணியத்தான் கேக்குறீங்க, வாரத்துக்கு எத்தன தடவ, எவ்வளவு ஊத்தணும்னு, ஆனா என்னைக் கேட்டா வெளிச்சம் சரியா இல்லாத இடத்துல தண்ணிக்கு எந்தக் கணக்கு போட்டாலும் தப்பாத்தான் போகும், ஏன்னா வெளிச்சம் பத்தாத செடி தண்ணிய இழுக்காது, மண்ணு ஈரமாவே கெடக்கும், வேரு அழுகிரும். அப்புறம் "நான் கொஞ்சமாத்தானே ஊத்துனேன்"னு கேட்டா என்ன பண்றது.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இது பாலைவனக் கள்ளிக்கு மட்டும். கிறிஸ்மஸ் கேக்டஸ், எபிஃபில்லம் எல்லாம் காட்டுக்குள்ள மரத்து மேல ஒட்டி வளர்ற ஜாதி, அதுகள மொட்ட வெயில்ல கொண்டுபோய் வச்சுட்டு என்னைத் திட்டாதீங்க.

சரி, இத பாருங்க. கேமராவ கிட்ட கொண்டு வர்றேன், இருங்க... ஃபோகஸ் ஆகட்டும். ஆங். இது ஃப்ரெண்டு வீட்டு டீவி ஸ்டாண்டு மேல இருந்த செடி. கீழ்ப்பாகம் நல்லா குண்டா, கரும்பச்சையா இருக்கு, முள்ளு நெருக்கமா இருக்கு பாருங்க. அப்படியே மேல வாங்க, இங்க இருந்து திடீர்னு ஒல்லியாகுது, கலரு வெளிறிப் போகுது, முள்ளெல்லாம் சன்னமா ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி நிக்குது, நுனி கூரா போயிருச்சு. நெறைய பேரு இத பாத்துட்டு ஐ சூப்பரா வளருதேன்னு சந்தோஷப்படுவாங்க. வளரல மக்களே, வெளிச்சத்த தேடி எக்குது. எட்டியோலேஷன்னு சொல்வாங்க. இதுல கொடும என்னன்னா, இனிமே நல்ல வெளிச்சத்துல வச்சா புதுசா வர்ற பாகம் குண்டா வரும், ஆனா இந்த ஒல்லி இடுப்பு அப்படியேதான் நிக்கும், திரும்ப பருக்காது. உயரமா வளர்ற ஜாதின்னா மேல கனம் ஏற ஏற அந்த இடத்துலயே ஒடிஞ்சு விழவும் வாய்ப்பு இருக்கு.

இத்தனைக்கும் அந்த ரூம்ல வெளிச்சம் இல்லாம இல்ல, பட்டப்பகல்ல லைட் போடாமயே பேப்பர் படிக்கலாம். நம்ம கண்ணு நம்மள ஏமாத்துற இடமே அதுதான். நல்ல வெயில் நாள்ல மத்தியானம் வெளிய ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) பக்கத்துல வெளிச்சம் இருக்கும், அதே நேரத்துல வீட்டு நடுவுல பாத்தீங்கன்னா சில நூறு லக்ஸ்தான் இருக்கும். இவ்வளவு வித்தியாசம் நமக்குத் தெரியாது, ஏன்னா கண்ணு தன்னைத்தானே அட்ஜஸ்ட் பண்ணிக்கும், செடி பண்ணாது. போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணு போட்டு பாருங்க, நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் எத்தன மடங்கு வித்தியாசம்னு பாக்க அது போதும். ஆப் எல்லாம் வேணாம்னா, செடிக்கு ஒரு அடி மேல கைய இப்படி நீட்டுங்க. நிழல் ஓரமெல்லாம் வெட்டுனாப்ல கூர்மையா விழுந்தா அது கள்ளிக்கு ஏத்த வெளிச்சம், மங்கலா விழுந்தா சுமார், நிழலே விழலன்னா அங்க கள்ளி வைக்காதீங்க, வேற எதாவது வைங்க.

உள்ளதான் வைக்கணும்னா ஜன்னல்தான், அதுவும் ஜன்னல் ரூம்ல ஒரு டேபிள் மேலன்னு இல்ல, கண்ணாடிக்கு ஒட்டி. ஒரு மீட்டர் உள்ள தள்ளுனாலே வெளிச்சம் பயங்கரமா கொறைஞ்சிரும். எந்தப் பக்கத்து ஜன்னல்னு கேட்டா, புத்தகத்துல எல்லாம் தெக்கு பாத்த ஜன்னல்னு கண்ணை மூடிட்டு எழுதியிருப்பாங்க, அது பூமத்திய ரேகைக்கு நல்லா வடக்க தள்ளி இருக்கவங்களுக்கு சரி, ரேகைக்கு தெக்க தள்ளி இருக்கவங்களுக்கு அதுவே வடக்கு ஜன்னல். ரேகைக்கு கிட்ட இருக்கவங்களுக்கு மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு மேல போயிரும், ஜன்னல் வழியா உள்ளயே வராது, அவங்களுக்கு கிழக்கும் மேற்கும்தான் கை கொடுக்கும். ஜன்னலுக்கு மேல சன்ஷேடு நீளமா இருக்கா, எதிர் பில்டிங் மறைக்குதான்னும் பாத்துக்கோங்க, திசையை விட அது முக்கியம்.

ஜன்னலே சரியில்லன்னா குரோ லைட், அதாவது செடி வளர்றதுக்கு போடுற லைட்டு. ஊதா கலர்லதான் வேணும்னு இல்ல, 6500 கெல்வின்னு போட்டிருக்க, பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை எல்இடி போதும், ஆனா தூரத்துல தொங்க விட்டா பிரயோஜனம் இல்ல, தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்காயிரும். 15ல இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள வைங்க, 12ல இருந்து 14 மணி நேரம், டைமர் போட்டு விட்ருங்க. ராத்திரி முழுக்க எரிய விடக்கூடாது, ஏன்னா கள்ளி மத்த செடி மாதிரி கெடையாது, பகல்ல தண்ணி ஆவியாயிரக்கூடாதுன்னு அதோட துளைய மூடி வச்சுக்கும், ராத்திரி தொறந்துதான் கார்பன் டை ஆக்சைட உள்ள இழுத்து அமிலமா சேத்து வச்சுக்கும், மறுநாள் வெளிச்சத்துல அத எடுத்து சாப்பாடு பண்ணும். அதனால அதுக்கு ராத்திரின்னா ராத்திரியா இருக்கணும்.

இப்ப வெளிய வைக்கிற கதைக்கு வருவோம். "பாலைவனத்துச் செடிதானே, வெயில் என்ன பண்ணும்"னு உள்ள இருந்து எடுத்து நேரா மொட்ட மாடியில வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் வினையே. இதோ இன்னொரு தொட்டி. இந்தப் பக்கம் பச்சை, இப்படித் திருப்புனா, வெயில் பட்ட பக்கம் மட்டும் வைக்கோல் கலர்ல ஒரு பெரிய திட்டு. மொதல்ல வெளுக்கும், அப்புறம் மஞ்சளாகும், கடைசியில தக்கை மாதிரி காஞ்சு நின்னுரும். தழும்புதான், போகாது. சிலர் வயசான கள்ளிக்கு அடியில வர்ற பழுப்பையும் இதுன்னு நெனச்சு பயப்படுவாங்க, அது அடியில இருந்து ஆரம்பிச்சு சுத்தி வர வரும், இது வெயில் பாத்த பக்கத்துல மட்டும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். லேசா செவந்தா அதுவும் வேற, பீட்டாலெய்ன்னு ஒரு நிறமி, செடி வெயிலுக்கு தானே பூசிக்கிறது, நிழலுக்குப் போனா பச்சைக்கு வந்துரும்.

ஜன்னல்ல நல்ல வெயில்ல இருந்த செடிக்கே இது நடக்கும், ஏன்னா ஜன்னல் கண்ணாடி வெயில்ல இருக்க யூவி-பிங்கற புற ஊதாக் கதிர்ல பெரும்பகுதிய தடுத்துரும், அதனால அது செடிக்கு பழக்கமே இல்ல. நர்சரியில வாங்குனதும் பெரும்பாலும் ஷேட் நெட்டுக்குள்ள வளந்ததுதான். ஏன், வட அமெரிக்காவுல இருக்க சொனோரன் பாலைவனத்துல ஆள் உயரத்த விட எத்தனையோ மடங்கு வளர்ற சகுவாரோ கள்ளியே குட்டியா இருக்கப்போ பாலோ வெர்டே மாதிரி மரத்து நிழல்ல ஒதுங்கித்தான் பொழைக்குது. பாலைவனம்னா நிழலே இல்லாத இடம்னு யாரு சொன்னா!

அதனால மொதல்ல சில நாள் நேரடி வெயில் படாத ஆனா வெளிச்சமான இடம், அப்புறம் காலைல ஒரு மணி நேரம் இளவெயில், கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ரெண்டு மூணு வாரம் எடுத்துக்கோங்க. மத்தியான வெயில் கடைசியா. 30ல இருந்து 50 சதவீத ஷேட் நெட் இருந்தா வேலை சுலபம். புதுசா தொட்டி மாத்துன செடிக்கு இன்னும் பொறுமை வேணும், வேர் அடிபட்டிருக்கும், தண்ணி இழுக்க முடியாம வெயில்ல சீக்கிரம் வெந்துரும்.

எந்த செடிக்கு எவ்வளவுன்னு செடியே சொல்லிரும். மேல வெள்ளை முடி, பஞ்சு, நெருக்கமான முள்ளு இருந்தா அது சொந்தக் குடை பிடிச்சுட்டு வந்திருக்கு, நல்லா வெயில் காட்டலாம். வழவழன்னு பச்சையா முள்ளு கம்மியா இருந்தா, ஜிம்னோகேலிசியம் எல்லாம் அப்படித்தான், மத்தியான வெயில் வேணாம். செவப்பு மஞ்சள்ல தலை ஒட்டி விப்பாங்களே மூன் கேக்டஸ், அந்தத் தலையில பச்சையமே கெடையாது, அத வறுத்துராதீங்க.

தொட்டியத் திருப்பணுமான்னு ஒரு கேள்வி. உள்ள, ஆமா, அப்பப்ப கால் வட்டம் திருப்புங்க, இல்லன்னா ஜன்னல் பக்கம் சாயும். வெளிய நல்ல வெயில்ல செட்டானத சும்மா திருப்பாதீங்க, வெயில் தெரியாத பக்கம் திடீர்னு முன்னாடி வந்துரும். எடம் மாத்துறப்ப தொட்டியில சாக்பீஸால ஒரு கோடு போட்டு அதே பக்கம் பாக்க வைங்க, பெரிய பேரல் கள்ளிய பேத்து நடுறவங்களும் தெக்குப் பக்கத்த இப்படித்தான் குறிச்சு வச்சுக்குவாங்க.

அப்புறம் மழைக்கோ குளிருக்கோ திரும்ப உள்ள எடுத்துட்டு வர்றப்ப, தண்ணிய வெளிய இருந்த கணக்குலயே ஊத்தாதீங்க. வெளிச்சம் கொறைஞ்ச அன்னிக்கே தண்ணியும் கொறையணும், குளிரான இடம்னா கிட்டத்தட்ட நிறுத்தியே விட்ருங்க, இல்லன்னா மொதல்ல காட்டுன அந்த ஒல்லி இடுப்புதான் வரும். சரி மக்களே, எனக்கு இங்க வெயில் ஏறிருச்சு, நெட்டு கட்டணும், அடுத்த வீடியோல பாப்போம்.