டாம் ராபின்சனின் கதையை ஸ்கவுட் ஏன் சொல்ல வேண்டும்?

வணக்கம். ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பற்றிப் போன காணொளியில் பேசியிருந்தோம். அதற்கு வந்த சந்தேகங்களில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்டிருப்பவர் ஒரு அம்மா. அப்படியே படித்துவிடுகிறேன்: "செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பினத்தவர் தண்டிக்கப்படுகிறார். அவர் கதையை எதற்கு ஒரு வெள்ளைக்கார வக்கீலின் சின்னப் பெண் சொல்ல வேண்டும்? குழந்தையின் வெகுளித்தனத்தைக் காட்டி அநீதியின் கடுமையை மழுப்புகிற வேலை இல்லையா இது? அப்புறம், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

நாவலைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். 1930களின் பொருளாதார மந்தக் காலம். ஆட்டிகஸ் ஃபிஞ்ச் மனைவியை இழந்த வக்கீல். மகன் ஜெம், மகள் ஸ்கவுட். கதை தொடங்கும்போது ஸ்கவுட்டுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. முடியும்போது ஒன்பதைத் தொடப் போகிறாள். கோடை விடுமுறைக்கு வரும் டில் என்ற பையன் அவர்களுக்குக் கூட்டாளி. டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, மயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்தார் என்று வழக்கு. டாமுக்காக வாதாடும் பொறுப்பு ஆட்டிகஸ் தலையில் விழுகிறது.

வழக்கில் சிக்கல் எதுவும் இல்லை. மயெல்லாவின் முகத்தில் காயம் வலப்பக்கம். எதிரே நின்று அடித்தவன் பெரும்பாலும் இடது கைக்காரனாக இருக்க வேண்டும். டாமின் இடது கையோ சிறுவயதில் பஞ்சு ஜின்னிங் இயந்திரத்தில் சிக்கி, அன்றோடு வழங்காமல் போனது. மயெல்லாவின் அப்பன் பாப் யூவெல்லிடம் ஒரு உறையைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் ஆட்டிகஸ். அவன் இடது கையால் போடுகிறான். கோர்ட்டில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் ஜூரியில் இருந்த பன்னிரண்டு வெள்ளைக்கார ஆண்கள் குற்றவாளி என்றே சொல்கிறார்கள். ஆண்கள் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்கார முடிந்ததே 1966-க்குப் பிறகுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்த நாவலுக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. 1957-இல் லீ பதிப்பகத்திடம் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் கதை குழந்தையின் கண் வழியாக நடக்கவில்லை. ஸ்கவுட்டின் முழுப்பெயர் ஜீன் லூயிஸ். அந்தப் பிரதியில் அவளுக்கு வயது 26. நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வருகிறாள். ஒருநாள் கோர்ட் மாடத்தில் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தால், இனப் பிரிவினையைக் கட்டிக்காக்கக் கூடியிருக்கும் கூட்டத்தில் அவளுடைய அப்பா! அந்தப் பிரதியில் சிறுவயது நினைவுகள் இடையிடையே வந்துபோயின. அவற்றில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டுகொண்ட டே ஹோஹாஃப் என்ற எடிட்டர், சிறுவயதையே வைத்து மறுபடி எழுதச் சொன்னார். அப்படி எழுதி எழுதி வந்ததுதான் 1960-இல் வெளியாகி, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். பழைய பிரதி 2015-இல் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்ற பெயரில் வந்தபோது, ஆட்டிகஸைத் தெய்வமாகவே வைத்திருந்த பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆக, அந்தக் குழந்தையை யோசித்துத்தான் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

முதலில் லாபம். தீர்ப்பு சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. கறுப்பினத்தவர்களுக்கென ஒதுக்கிய மாடத்தில், பாதிரியார் சைக்ஸ் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெம்முக்கு வயது பன்னிரண்டை ஒட்டி; ஜெயித்துவிட்டோம் என்றே நம்புகிறான். சாட்சியம் அப்படி. ஜூரி உள்ளே வருகிறார்கள். ஸ்கவுட் ஒன்றைக் கவனிக்கிறாள்: அவர்களில் ஒருவர்கூட டாமை நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்டனை கொடுத்துவிட்ட ஆளை ஜூரி பார்ப்பதில்லை என்பது வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அவ்வளவுதான். அநியாயம் என்றோ ஐயோ என்றோ ஒரு வார்த்தை இல்லை. பிறகு நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, குற்றவாளி, குற்றவாளி என்று வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஜெம்மின் தோள்கள் குலுங்குகின்றன. பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தால் இந்த இடத்தில் நாலு பக்கத்துக்குக் கோபம் வந்திருக்கும். படிக்கிற நாமும் அந்தக் கோபத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். குழந்தை பார்த்ததை மட்டும் சொல்வதால் நமக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. கடுமை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் 'வெகுளித்தனம்' என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. ஸ்கவுட் கள்ளமில்லாதவள், ஊர்தான் கெட்டது என்று நிறையப் பேர் இந்த நாவலை நினைவில் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் அப்படி இல்லை.

அரசுத் தரப்பு வக்கீல் கில்மர், டாமைக் குறுக்கு விசாரணை செய்கிறார். டாமுக்கு வயது 25, கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். ஆனால் கில்மர் வாய்க்கு வாய் 'பையா' என்றே கூப்பிடுகிறார். அந்த வீட்டு வேலையை எதற்குச் சும்மா செய்து கொடுத்தாய் என்று மடக்குகிறார். மயெல்லாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். சொன்னது தப்பு என்று சொன்ன பிறகுதான் அவருக்கே உறைக்கிறது. ஒரு கறுப்பன், வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா! கில்மர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த டில்லுக்கு அழுகை வருகிறது, நிறுத்த முடியவில்லை. ஸ்கவுட் அவனை வெளியே கூட்டிப்போகிறாள். அந்த ஆள் அப்படிப் பேசுவதைக் கேட்டால் குமட்டுகிறது என்கிறான் டில். இவள் என்ன சமாதானம் சொல்கிறாள் தெரியுமா? குறுக்கு விசாரணை என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறாள். அதற்கும் அவன் அடங்கவில்லை. அப்போது சொல்கிறாள்: என்ன இருந்தாலும் அவன் ஒரு நீக்ரோதானே.

ஆட்டிகஸின் மகள்! கதை சொல்பவள்! நாம் யாரை நம்பிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு வருகிறோமோ அவள். லீ நினைத்திருந்தால் இந்த வரியை வேறு யார் வாயிலாவது போட்டிருக்கலாம். போடவில்லை. இந்த நாவலில் என்னை மிகவும் அசைத்த இடம் தீர்ப்பு அல்ல, இந்த வரிதான். ஊர் எப்படிப் பேசுகிறது என்பது அந்தப் பிள்ளையின் நாக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. காற்றில் இருந்தது, வந்துவிட்டது. அடுத்து வருகிற டால்ஃபஸ் ரேமண்ட் இதையே நேராகச் சொல்லிவிடுகிறார். காகிதப் பைக்குள் கோகோ கோலாவை வைத்துக்கொண்டு, குடிகாரன் என்று ஊரை நம்ப வைத்திருக்கும் மனிதர் அவர். இந்தப் பையன் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அழமாட்டான் என்கிறார்.

இதே விஷயம் பிறகு பள்ளிக்கூடத்தில் வருகிறது. மிஸ் கேட்ஸ் என்ற டீச்சர் ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவதைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். நாம் ஜனநாயக நாடு, இங்கே யாரும் யாரையும் துன்புறுத்துவதில்லை என்கிறார். வழக்கு முடிந்த இரவு கோர்ட் படிக்கட்டில் அதே டீச்சர், இந்தக் கறுப்பர்களுக்கு யாராவது பாடம் புகட்ட வேண்டிய நேரம்தான் என்று பேசியதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். இரண்டும் அவளுக்கு ஒட்டவில்லை. அண்ணனிடம் போய்க் கேட்கிறாள். ஜெம் அவளைப் பிடித்து உலுக்கி, கோர்ட்டைப் பற்றி இனிமேல் என்னிடம் பேசாதே என்று கத்துகிறான். இந்த இடத்தில் ஸ்கவுட் தேறிவிட்டாள் என்று சொல்லலாம்; மரத்தடியில் டில்லுக்குச் சமாதானம் சொன்ன அதே பிள்ளைதான் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கிறாள்.

சிறைவாசல் காட்சியைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். டாமை அடித்துக் கொல்ல வந்த கும்பலில் தன்னோடு படிக்கும் பையனின் அப்பா கன்னிங்ஹாமைக் கண்டு, ஸ்கவுட் அவரிடம் நலம் விசாரிக்க, கும்பல் கலைந்துபோகிறதே, அது. படமாகப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு அது கொஞ்சம் இனிப்புக் கூடின இடம். நிஜத்தில் அப்படி வந்த கும்பல்கள் குழந்தை முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளலாம்: அந்தக் காட்சியின் விலை என்ன என்று நாவலுக்கே தெரிந்திருக்கிறது. கன்னிங்ஹாம் சொந்தக்காரர் ஒருவர் ஜூரியில் இருந்து, முதலில் விடுதலை என்று பிடிவாதம் பிடித்தார் என்று பின்னால் தெரிகிறது. அதனால் கிடைத்தது சில மணி நேரத் தாமதம்.

இப்போது நஷ்டம். இங்கேதான் உங்கள் சந்தேகம் சரியான இடத்தைத் தொடுகிறது.

டாம் சிறைப் பண்ணையில் தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டுச் சாகிறார். 17 குண்டுகள். ஆட்டிகஸும், சமையல் செய்யும் கல்பூர்னியாவும் டாமின் மனைவி ஹெலனிடம் சொல்லப் போகிறார்கள். வாசலில் பிள்ளைகள் கோலி விளையாடுகிறார்கள். ஒரு சின்னப் பெண் குடிசை வாசலில் வந்து நிற்கிறாள். தலை நிறையக் குட்டிக் குட்டிச் சடை, ஒவ்வொன்றின் நுனியிலும் பளிச்சென்று ஒரு ரிப்பன் முடிச்சு. ஆட்டிகஸைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பு. படியிறங்க வயது போதவில்லை. ஆட்டிகஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு விரலை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். ஹெலன் வருகிறாள், உட்காருங்கள் என்கிறாள். மேற்கொண்டு யாரும் பேசவில்லை. அப்படியே மண்ணில் விழுந்துவிடுகிறாள்.

இந்தக் காட்சியின்போது ஸ்கவுட் அங்கே இல்லை. கூடப் போன டில் பிறகு வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. அந்தச் சடைக்காரக் குழந்தையும் வெகுளிதான். அவளுக்குப் பேர்கூட இல்லை, நாலைந்து வரிதான். அவள் கண்ணுக்கு அன்றைக்கு என்ன தெரிந்தது என்று இந்த நாவலால் சொல்ல முடியாது. அதே போல, குழந்தை அண்ணாந்து பார்ப்பதால் அப்பா ரொம்ப உயரமாகத் தெரிகிறார். முதல் பிரதியில் 26 வயதுக்காரி பார்த்த அப்பாவை இந்தச் சிறுமியால் பார்க்க முடியாது.

உலகம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஒன்பது வயதுவரை இருக்க முடிந்தது ஸ்கவுட்டுக்குக் கிடைத்த சலுகை. 1931-இல் அதே அலபாமாவில், சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பலாத்காரப் புகார் சொன்னார்கள். ஸ்காட்ஸ்போரோ வழக்கு என்பார்கள். அவர்களில் இளையவர்களுக்கு 13 வயதுதான் இருக்கும். சில நாட்களில் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அந்தப் பெண்களில் ஒருத்தி பின்னால் தான் சொன்னது பொய் என்று கோர்ட்டிலேயே சொன்னாள். அப்படியும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். லீ எழுத உட்காருவதற்குச் சில ஆண்டு முன்னால், 1955-இல், சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்குப் போன எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். வெள்ளைக்கார ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக யோசித்துவிட்டுக் கொலைகாரர்களை விடுவித்தது. இந்தப் பையன்களை அங்கே யாரும் பிள்ளைகளாகப் பார்க்கவில்லை.

அதனால் என் பதில் இது: லீ மழுப்பவில்லை. தனக்குத் தெரிந்த வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த அளவை நேர்மையாக எழுதினார். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு அந்தக் காலத்து அநீதி தெரிந்துவிட்டது என்று நினைத்தால், அந்த ஏமாற்றத்துக்கு நாம்தான் பொறுப்பு.

பக்கத்து ஜன்னல் ஒன்று இருக்கிறது. மில்ட்ரெட் டி. டெய்லர் 1976-இல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. கதை நடப்பது 1933, மிசிசிப்பி. சொல்பவள் கேசி, ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி. அவளுடைய ஆறு வயதுத் தம்பி, லிட்டில் மேன், முதல் நாள் பள்ளிக்கூடம் போகிறான். சுத்தம் என்றால் உயிர் அவனுக்கு. கையில் அழுக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். உள்ளட்டையில் ஒரு பட்டியல்: எந்த ஆண்டு, புத்தகத்தின் நிலை என்ன, வாங்கியவர் என்ன இனம். புதிதாக இருந்தபோது வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. அடுத்தடுத்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே போய், கடைசி வரியில், நிலை மிக மோசம் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் அவனுடைய இனத்தின் பெயர், அதுவும் வசைச்சொல்லாக. பையன் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். டீச்சரும் கறுப்பினத்தவர்தான், அவனை அடிக்கிறார், ஏன் மிதித்தான் என்று விளக்க வந்த கேசிக்கும் அடி. அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் அம்மா, அந்தப் பட்டியல் மேல் காகிதத்தை வெட்டி ஒட்டிவிடுகிறார்.

ஸ்கவுட்டுக்கும் முதல் நாள் பள்ளிக்கூடத்தில் தகராறுதான். என்ன தகராறு? முன்கூட்டியே படிக்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள் என்று டீச்சருக்குக் கோபம்.

இப்போது இரண்டாவது கேள்வி. எட்டாம் வகுப்பு மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். பலாத்கார வழக்கு என்பதையும், இனவசைச் சொற்கள் நிறைய வரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்; திடீரென்று எதிர்ப்பட வேண்டாம். விசாரணை 17-ஆம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை பெரும்பாலும் அதே தெருவில் வசிக்கும் பூ ராட்லியைப் பற்றிய விளையாட்டும் பயமும்தான், பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். அவளுடைய ஆங்கிலம் இன்னும் பழகவில்லை என்றால் டெய்லரை முதலில் கொடுங்கள், நடை எளிது. கிரிகரி பெக் நடித்த 1962 படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்த்துவிட்டால் அப்புறம் ஆட்டிகஸுக்கு வேறு முகமே வராது.

பூ ராட்லியைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த காணொளியில் பார்க்கலாம்.