பரீட்சை வைக்கும் உரிமை வாக்காளருக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'உள்ளாட்சி மன்ற உறுப்பினருக்கு ஆட்சிமொழித் தேர்ச்சி கட்டாயமா, தேவையில்லையா?' என்பது தலைப்பு. தேவையில்லை என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று கேள்வி கேட்டார். கோப்பு புரியாதவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? விவாதம் புரியாதவர் எப்படிக் கை தூக்குவார்? மன்றத்துக்கென்று ஒரு மொழி வேண்டாமா? நல்ல கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். மன்றத்துக்கு ஒரு மொழி இருக்கட்டும், தீர்மானங்கள் அதிலேயே பதிவாகட்டும். ஆனால் மன்றம் எந்த மொழியில் நடக்கிறது என்பது ஒரு கேள்வி, அதற்குள் யார் நுழையலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான் அந்தக் கைதட்டல் கிடைத்தது.

சரி, சட்டம் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பரீட்சை வைப்பது யார்? இதற்குக் கற்பனை தேவையில்லை, வட ஐரோப்பாவில் உள்ள லாத்வியா நாட்டில் நடந்திருக்கிறது. சோவியத் ஆட்சியில் ஓரம் கட்டப்பட்ட தன் மொழியைக் காக்க அந்த நாடு நினைத்ததில் நியாயம் உண்டு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் காத்த விதத்தைப் பாருங்கள்.

1997-இல் அதன் தலைநகர் ரீகாவில் நகர மன்றத் தேர்தல். இக்னாட்டானே என்ற ஆசிரியை வேட்பாளர். மொழித் தேர்வில் மிக உயர்ந்த நிலைக்கான சான்றிதழ் 1993-லேயே அவர் கையில் இருந்தது. வாக்குப்பதிவு நெருங்கிய நேரத்தில் ஒரே ஒரு மொழி ஆய்வாளர் வந்து சோதித்தார். போதாது என்று முடிவாகிப் பெயர் பட்டியலிலிருந்து போனது. நிபுணர் குழு கொடுத்த சான்றிதழைத் தனி ஆள் ஒருவரின் பேனா அடித்துவிட்டது. 2001-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அவருடைய உரிமை மீறப்பட்டது என்றது.

1998-இல் அதே நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். இன்னொரு பெண், பொத்கோல்சினா. அவரிடமும் சான்றிதழ் இருந்தது. ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். கேட்ட கேள்விகளில் ஒன்று, 'வேறு கட்சிகள் இருக்க, இந்தக் கட்சியை ஏன் ஆதரிக்கிறீர்கள்?' என்பது. நடுவர் அவர்களே, இது எந்த இலக்கண நூலில் எந்த அதிகாரத்தில் வருகிறது? மறுநாள் ஆட்களோடு வந்து, எதிரில் உட்காரவைத்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பதற்றத்தில் அவர் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டார். 2002-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு லாத்வியா வேட்பாளர்களுக்கான இந்த நிபந்தனையை எடுத்தது. பக்கத்து நாடான எஸ்தோனியா 2001-லேயே எடுத்துவிட்டது.

'அந்த நீதிமன்றம் மொழி நிபந்தனையே தவறு என்று சொல்லவில்லையே, நடத்திய முறையைத்தானே குறை சொன்னது' என்று எதிரணி நண்பர் இப்போது முணுமுணுக்கிறார். உண்மைதான். அதனால் முறையாக நடந்த ஒன்றையும் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் சான் லூயிஸ் என்ற ஊர். மெக்சிகோ எல்லையை ஒட்டியது. ஊரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். அங்கே நகர மன்றத்துக்கு நின்ற ஒரு பெண்ணுக்கு ஆங்கிலம் போதாது என்று வழக்கு. போட்டவர் அந்த ஊர் மேயர். இரண்டு பேருக்கும் அரசியலில் ஆகாது. இங்கே ஆய்வாளர் கதவைத் தட்டவில்லை. மொழியியல் வல்லுநர் சோதித்தார், நீதிபதி விசாரித்தார், 2012 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் பெயரை நீக்கியது சரி என்றது. எல்லாம் ஒழுங்கு. ஆனால் அவர் வேண்டுமா வேண்டாமா என்று ஊர்க்காரர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் ஆங்கிலம் எப்படி என்று அந்த வல்லுநரைவிட அக்கம்பக்கத்தாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வாக்களித்தால் அது அவர்கள் முடிவு.

சிங்கப்பூரைக் காட்டுவார்கள் என்று தெரியும். அங்கே நாடாளுமன்ற வேட்பாளருக்கு மொழித் தகுதி அரசியலமைப்பிலேயே உண்டு. ஆனால் ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் நான்கில் ஏதாவது ஒன்று போதும். தமிழ் மட்டும் தெரிந்தவரும் நிற்கலாம், அவையில் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. அந்த உதாரணம் எங்கள் மேசைக்கு வர வேண்டியது, வழி தவறி அங்கே போய்விட்டது!

இனி கோப்பு விஷயம். அதிகாரியைத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறோம், அவருக்கு மொழித் தகுதி கேளுங்கள், நானே கை தூக்குகிறேன். உறுப்பினர் வாக்கு வாங்கி வருகிறவர். ஒரு டெண்டர் ஆவணத்தை அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள், இரண்டாம் பக்கத்தில் கண் சொருகும். மொழி முழுதாகத் தெரிந்தவர்கள் படிக்காமலே கை தூக்குகிற மன்றங்கள் உலகத்தில் குறைவா? கூட்டப் பொருளை நாலு நாள் முன்னாலேயே கொடுங்கள், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவையுங்கள். வென்று வந்தவருக்கு மன்றச் செலவில் மொழி வகுப்பும் நடத்துங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 24 மொழிகளை வைத்துக்கொண்டு நடக்கிறது. அது பணக்கார மன்றம் என்பீர்கள். ஓர் ஊருக்கு 24 எதற்கு, அங்கே பேசுகிற ஒன்றிரண்டு போதும்.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். சான் லூயிஸ் மக்கள் அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? அந்த ஊருக்குத்தான் என்று சொல்வீர்களானால், அந்த ஊர்க்காரர்கள் கையில்தானே வாக்குச்சீட்டு இருந்தது?

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.