பைப்படிக்கு எத்தனை நடை?

நேயர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் முருகன் குடியிருக்கும் மலையை நம்மவர்கள் தண்ணீர்மலை என்றுதான் சொல்வார்கள். அங்கே இருக்கும் அருவிதான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுன் குடித்தது அந்த அருவித் தண்ணீரைத்தான். தைப்பூசத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம்! தண்ணீர் கொடுப்பவருக்குப் புண்ணியம் உண்டு. சரி, தண்ணீர் சுமந்தவருக்கு? இன்று அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மொத்தமாக ஒரே பைப்பு. விடியும் முன்னே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதற்குள், அம்மா ஆறு நடை நடந்துவிடுவார். நடைக்கு இரண்டு வாளி, வாளிக்குப் பத்து லிட்டர். கணக்குப் போட்டால் 120 லிட்டர். வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு 20 லிட்டரில் குடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், துணியும் துவைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எங்களுக்கெல்லாம் அப்போது கை இடுக்கில் சிரங்கு. 'தோட்டத்துப் பிள்ளைகள் அழுக்கு' என்று டவுனில் காதுபடவே சொல்வார்கள். சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பைப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், போதவில்லை, அவ்வளவுதான். சொறி சிரங்கு, கண்வலி எல்லாம் கழுவத் தண்ணீர் பற்றாத வீட்டில் தங்கிவிடும் நோய்கள். தூரத்திலிருந்து சுமக்கிறவர்கள் முதலில் மிச்சம் பிடிப்பது கை கழுவுகிற தண்ணீரைத்தான்.

நான் படிவம் மூன்று படிக்கும்போது வீட்டுக்குள் பைப்பு வந்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்ற 1990-ஆம் ஆண்டுச் சட்டமெல்லாம் அதற்கும் பிறகு. தண்ணீர் வந்தால் பெண்கள் சிறுதொழில் செய்வார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். பொய்யில்லை. ஆனால் மிச்சமான ஒரு மணி நேரத்தில் எங்கள் அம்மா என்ன செய்தார் தெரியுமா? தூங்கினார். உலகம் முழுவதும் பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் எடுக்க நாளொன்றுக்கு 20 கோடி மணி நேரம் செலவழிக்கிறார்கள் என்று 2016-இல் யுனிசெப் சொன்னது. அதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் தூக்கம்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் வேலையில் சேர்ந்து உள்கிராமங்களுக்குப் போனேன். சுகாதார அமைச்சின் பாக்காஸ் என்ற கிராமத் தண்ணீர், சுகாதாரத் திட்டத்தில் மலையோரக் கம்பங்களுக்கு, அதாவது சிற்றூர்களுக்கு, தண்ணீர் இறக்கினோம். மேலே ஓடையில் சின்னதாக ஒரு தடுப்பு, அங்கிருந்து குழாய், கீழே ஒரு தொட்டி. பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், மேட்டுத் தண்ணீர் தானாகப் பள்ளத்துக்கு வந்துவிடும். சொல்ல எளிதாக இருக்கிறது. ஒரு பெரிய மழை பெய்தால் இலை தழை, மண் எல்லாம் வந்து குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். யாராவது மலையேறிப் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் யாரும் அதற்கு வருவதில்லை. ஆள் பிடித்து மேலே அனுப்பும் வரை, கம்பத்துப் பெண்கள் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடப்பார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஆனாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். அப்படிக் கொதிக்கவைத்த தண்ணீரும் வீட்டுக்குள்ளேயே கெட்டுப்போகும். மூடாத பானை, அதில் குவளையோடு சேர்ந்து முங்கும் கை. மூடாத டிரம்மில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் புதுக் கொசு பறக்கும். தண்ணீர் ஒழுங்காக வராத இடத்தில்தான் ஜனங்கள் பிடித்துவைப்பார்கள். அதனால் டிங்கிப் பேச்சு வரும்போது பைப்பில் தண்ணீர் வருகிறதா என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டில் மட்டும் இந்தக் கட்சி எடுபடவில்லை. அம்மா இப்போது என்னோடு அடுக்குமாடியில் இருக்கிறார். பைப்பைத் திறந்தால் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர். இருந்தும் ராத்திரி படுக்கும் முன் ஒரு டிரம்மையும் இரண்டு வாளியையும் நிரப்பிவைப்பார். "ஏம்மா, நானே ஊர் ஊராகக் கொசு பற்றிப் பேசிவிட்டு வருகிறேன்" என்று சண்டை போட்டிருக்கிறேன். "மூடிதானே வைக்கிறேன், நீ போய்ப் படு" என்பார்.

2024 ஜனவரியில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் நான்கு நாள் தண்ணீர் நிறுத்தினார்களே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். நான்தான் நாளைக்குப் பிடிக்கலாம் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு குவளையை என் கையில் கொடுத்தார். அவருடைய டிரம்மிலிருந்துதான் குளித்தேன்.